ஒருதலைப்பட்சமா, ஒரு தரப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பக்கத்தில், 'வீட்டு வழக்கில் நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளித்தது' என்று போட்டிருக்கிறீர்கள். பிரதிவாதி ஆஜராகவில்லை என்று கடைசி வரியில் நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள். அது எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது ஒரு தரப்புத் தீர்ப்பாணை, ஐயா. லத்தீனில் 'ஒரு தரப்பிலிருந்து' என்று பொருள். நீதிபதி யார் பக்கமும் சாயவில்லை. ஒரு பக்கம் ஆளே இல்லை. கோர்ட் சேவகரான டவாலி கூப்பிட்டும் வராதவரை ஜட்ஜ் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்தா அழைப்பார்? அப்போதும் வாதி சாட்சியம் கொடுத்து, ஆவணங்களைச் சான்றாகக் குறியீடு செய்து, வழக்கை நிரூபித்தாக வேண்டும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். 34 வருடம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு தூக்கியவன் நான். எங்கள் தெருக்காரர் ஒருவர் கடன் வழக்கில் வாய்தாவைக் கோட்டை விட்டார். "ஜட்ஜே ஒருதலைப்பட்சமா சொல்லிட்டாரு, இனி அங்கே போய் என்ன ஆகப்போகுது" என்று சும்மா இருந்துவிட்டார். கோர்ட் ஊழியரான அமீனா ஜப்திக்கு வந்த அன்றுதான் என்னிடம் ஓடிவந்தார். சட்டைப்பையில் நாலாக மடித்த டிக்ரி நகல், வியர்வையில் நனைந்து கிடந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 13-இன்கீழ், வராததற்குத் தக்க காரணம் காட்டி, டிக்ரியை ரத்து செய்யக் கோரி 30 நாளுக்குள் மனு போட்டிருக்கலாம். போயிருந்ததோ ஏழு மாதம். தாமதத்தை மன்னிக்கத் தனி மனு, செலவுத்தொகை வேறு.

எதிராளிக்கு நோட்டீஸ் போகும் முன்பே அவசரத்துக்குக் கொடுக்கும் இடைக்காலத் தடையும் எக்ஸ்பார்ட்டிதான். அதையும் 'ஒருதலைப்பட்சத் தடை' என்றே போடுகிறீர்கள். வராதவரும் இன்னும் அழைக்கப்படாதவரும் உங்களுக்கு ஒன்றுதான் போலும்.

இது முதல் முறையும் இல்லை. சட்டசபை 'சைன் டை' ஒத்திவைக்கப்பட்டதை, 'கையெழுத்திட்டு ஒத்திவைப்பு' என்று அச்சிட்டவர்கள் நீங்கள். காலவரையின்றி என்று அன்றே தபால் அட்டை எழுதினேன். பதிலும் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. ஹேபியஸ் கார்பஸுக்கு 'ஆட்கொணர்வு', பிரைமா பேசிக்கு 'முகாந்திரம்' என்று நாக்கில் ஒட்டும் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. இதற்கு மட்டும் ஏன் பாரபட்சம் என்று படிக்கிற சொல்?

'பிரதிவாதி ஆஜராகாததால், ஒரு தரப்பு விசாரணையில்' என்று இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். இடமில்லை என்றால் ராசிபலனில் என் ராசியை ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மன்னார்குடி