கந்தப்பளைப் பெரியப்பாவுக்கு: பச்சையாக வாடும் கிழங்குச் செடி பற்றி

அன்புள்ள பெரியப்பா,

மருந்து அடித்த பிறகும் உருளைக்கிழங்குச் செடி இலை பழுக்காமல் பச்சையாகவே வாடிவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நுவரெலியாப் பக்கம் பலருக்கும் இதே கவலை இருப்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டிய நுனி மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்நிற இழைகள் இறங்கினால் அது பங்கசு அல்ல, ரல்ஸ்டோனியா என்னும் பற்றீரியா. பங்கசுக்கு அடிக்கும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. அது வேர்க் காயங்கள் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் காழ்க் குழாய்களில் பெருகி, பிசினைச் சுரந்து அடைத்துவிடுகிறது. செடி வாடுவது அதனால்தான்.

ஆனால் செடிக்கும் தற்காப்பு உண்டு. அதை மீறி இந்த நுண்ணங்கி எப்படிப் பெருகுகிறது என்பதுதான் என்னை வியக்க வைப்பது. அதன் உடலில் ஊசி போன்ற ஒரு குழாய் அமைப்பு இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை மூன்றாம் வகைச் சுரப்புத் தொகுதி என்பார்கள். செடியின் கலத்தைத் தொட்டதும், தான் செய்த புரதங்களின் மடிந்த வடிவத்தைக் குலைத்து நீட்டி, அந்தக் குழாய் வழியே கலத்துக்குள் நேரடியாகச் செலுத்துகிறது. அவை நஞ்சைப் போல் கலத்தைக் கொன்றுவிடுவதில்லை. உள்ளே போய்த் தற்காப்பின் கட்டளைகளையே குலைக்கின்றன. அவற்றுள் பொப்-பி2 என்ற புரதம், தற்காப்புப் பரம்பரையலகுகளை இயக்கும் புரதங்களைத் தாக்கி, டிஎன்ஏயில் பற்றியிருக்க விடாமல் செய்கிறது. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடொப்சிசின் சில வகைகளோ, அந்த இயக்கிப் புரதத்தின் போலித் துண்டு ஒன்றைத் தம் காவற்புரதத்தோடு சேர்த்தே வைத்திருக்கின்றன. பொப்-பி2 அதைத் தொட்டவுடன் எதிர்ப்பு தொடங்கிவிடும். 2015இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

இந்தக் குழாயை அமைக்கும் பரம்பரையலகுகளைக் கெடுத்துவிட்டால், அதே பற்றீரியா உயிரோடு இருந்தும் செடியை வாட வைக்க முடிவதில்லை. 1980களிலேயே இது தெரிந்துவிட்டது. நோயின் உயிர்நாடி எங்கே என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். குளிர்ந்த மலையில் இந்தப் பற்றீரியா கிழங்குக்குள் அறிகுறி எதுவும் காட்டாமல் இருக்கக்கூடும். மண் சூடேறும்போதுதான் செடி வாடும். ஆகவே பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வாடல் கண்ட பாத்தியின் கிழங்கை விதைக்கு வைக்காதீர்கள். சான்றளிக்கப்பட்ட விதைக் கிழங்கு விலை அதிகம்தான், தெரியும். ஆனாலும் அதையே வாங்குங்கள். அந்தப் பாத்தியில் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், அவையும் உருளைக்கிழங்கின் குடும்பமே. லீக்ஸோ கரட்டோ போடுங்கள். வாடிய செடிகளை வாய்க்காலில் எறியாமல், வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுங்கள். அந்த மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குள் இறங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்