கச்சேரியில் கத்துவதும் சபையில் கேட்பதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எங்கள் எம்.பி. எங்களுக்கு என்ன செய்தார்?' என்று தங்கள் பத்திரிகைக்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தவறாமல் வாசித்து வருகிறேன். கொங்கிறீட் வீதி, விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடை, கோயிலுக்கு ஒலிபெருக்கி, பிள்ளைக்கு ஒரு வேலை என்று கணக்கு அத்தோடு நின்றுவிடுகிறது. அரசாங்கத்திடம் அவர் எதைக் கேட்டார், என்ன பதிலை வாங்கி வந்தார் என்று ஒருவரும் எழுதக் காணோம். நாங்கள் அவரை அங்கே அனுப்பியதே அதற்குத்தான்.

நான் ஓய்வுபெறும் வரை அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உத்தியோகத்தராக இருந்தவன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஓர் எம்.பி. மேசையில் அடித்துக் கத்தினால் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நடக்காது. பேச்சு வாங்கிய அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு 'கவனிக்கிறோம் சேர்' என்பார். தேநீரும் வடையும் வரும். இரவு அந்தக் காணொளி முகநூலில் ஓடும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதே எம்.பி. அதே விடயத்தைப் பாராளுமன்ற வினாவாகக் கொடுத்துவிட்டால் கதையே வேறு. அமைச்சிலிருந்து 'பாராளுமன்ற வினா, மிக அவசரம்' என்று தலைப்பிட்ட கடிதம் வரும். நாலே காலுக்குப் பையைத் தூக்குகிறவர்கள்கூட அன்றைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். வருடக்கணக்காக யாரும் அளக்காத வாய்க்காலை நாடாவோடு போய் அளப்பார்கள். பழைய வவுச்சர் கட்டுகள் தூசு தட்டப்படும். ஏனென்றால் அந்த எண்ணை அமைச்சர் சபையில் வாசிக்கப் போகிறார், அது சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் ஏறும், பிழையாக இருந்தால் யார் கையெழுத்து வைத்தது என்று தேடி வருவார்கள். கத்தலுக்கு அஞ்சாத அலுவலகம் அந்தக் கடிதத்துக்கு அஞ்சியதைக் கண்ணால் கண்டவன் நான்.

வினாவைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாலும் பலனில்லை. (அ)வின் கீழ் (i), (ii), (iii) என்று பிரித்து, இடம், ஆண்டு, தொகை எல்லாம் கேட்டு, கடைசியில் 'இன்றேல், ஏன்?' என்று முடியும் அந்த வினாவுக்கும் தப்பும் வழிகள் அமைச்சர்மாருக்குத் தெரியும். 'விடையளிக்க ஒரு மாத கால அவகாசம் வேண்டும்' என்பார்கள். 'விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்' என்று ஒரு கட்டுத் தாளை வைத்துவிட்டு உட்காருவார்கள். கேட்டவர் அன்று சபையில் இல்லாவிட்டால் அவர்களுக்கு இன்னும் வசதி. கேட்டவர் அங்கேயே இருந்து, விடையில் எங்கே ஓட்டை என்று பிடித்து, அந்த இடத்திலேயே மேலதிகக் கேள்வியைப் போடவேண்டும். அதற்கு முதல்நாள் இருந்து படிக்கவேண்டும். நாங்களோ சாமத்தியச் சடங்குக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வரவில்லை என்று அவரோடு கோபித்துக்கொள்கிறோம். மாதத்தில் எட்டு நாள் அளவில்தான் சபை கூடுகிறது. 225 பேரில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம், அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்லவுக்கு ஏழு. அந்தப் பன்னிரண்டு பேரின் அந்த எட்டு நாளையாவது நாங்கள் சபைக்கு விட்டுக்கொடுக்கலாம்.

'எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?' என்பது எங்கள் பக்கத்து எம்.பி.மாரின் வழக்கமான பதில். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 1 பில்லியன் ரூபாவுக்கு என்று பிணைமுறியை (அரசு கடன் வாங்கும் பத்திரத்தை) விளம்பரப்படுத்திவிட்டு 10 பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அதைத் துருவிப் பார்த்து 2016 ஒக்டோபரில் அறிக்கை சமர்ப்பித்தது, அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு. அதற்குத் தலைமை வகித்த சுனில் ஹந்துன்னெத்தியின் கட்சியான ஜே.வி.பி.க்கு அப்போது சபையில் இருந்தது ஆறே ஆறு பேர். அரச தரப்பு உறுப்பினர்கள் பலர் அடிக்குறிப்புப் போட்டுத் தண்ணீர் கலக்கப் பார்த்தும் விடயம் அமுங்கவில்லை. 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு உட்கார்ந்தது, ஓர் அமைச்சர் பதவி விலகினார். (அந்த ஆறு பேரின் கட்சிதான் 2024இல் 159 ஆசனங்களோடு ஆளவந்த கூட்டணியை நடத்துகிறது. அவர்களை அதே கண்ணோடு பார்க்கப்போவது யார் என்பதும் என் கவலை. ஆளுங்கட்சிப் பின்வரிசையில் இருப்பவருக்கும் கேள்வி கேட்க வாய் இருக்கிறது.)

சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 2023 செப்டம்பரில் 73க்கு 113 என்று தோற்றது. ஆனால் மருந்துக் கொள்வனவு பற்றி அங்கே சொல்லப்பட்டதெல்லாம் அச்சில் ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் கைதானார். தோற்கும் என்று தெரிந்த வாக்கெடுப்பைக் கேட்பதும் வீண்வேலை இல்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். மாட்டுப்பட்டிகள் நின்ற தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் உழுது பயிர் வைத்தார்கள், மாடுகள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. சபையில் இதைப் பற்றி உருக்கமான உரைகள் நிகழ்த்தப்பட்டன. நானும் கேட்டுக் கண்கலங்கியவன்தான். ஆனால் அந்த நிலத்தின் நிர்வாகம் மகாவலி அதிகாரசபையிடம். அது 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சபை, ஆகவே அதே ஆண்டில் அமைக்கப்பட்ட கோப் குழுவின் முன்னால் வந்து கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது. பயிர் வைத்தவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் எந்த ஆண்டு, எத்தனை ஏக்கர், யார் ஒப்பமிட்டது? கொடுக்கவில்லை என்றால் அகற்றுவதற்கு எத்தனை வழக்குப் போட்டீர்கள்? பணிப்பாளர் நாயகத்தை எதிரே இருத்திவைத்து இவற்றைக் கேட்டால், பத்து உருக்கமான உரைகளில் கிடைக்காதது கிடைக்கும். 2019இல் கோப் குழு ஊடகவியலாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அமைச்சுகளையும் திணைக்களங்களையும் உள்ளூராட்சி சபைகளையும் விசாரிக்க 1921இலேயே தொடங்கிய கோபா குழு வேறு இருக்கிறது. இரண்டுக்கும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைதான் கையாயுதம். அந்த அறிக்கைகளில் எங்கள் மாவட்டத்துப் பக்கங்களை எந்த எம்.பி. வாசித்து அடையாளம் போட்டு வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரோடு முடிந்துபோனது. கால்நடையும் விவசாயமும் மாகாண விடயங்கள், கேட்க மாகாண உறுப்பினர் இல்லை. தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று தேடிப்போனால் அதுவும் இந்தச் சபையில்தான் போய் முட்டுகிறது. 2018 ஓகஸ்டில் அந்தத் தேர்தலுக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாக ஒருவர்கூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்!

இனிக் கசப்பான ஒன்று. எம்.பி.யின் சொற்படி ஊர் வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும், 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் எங்கள் அரசியலைக் கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுக்கவில்லை என்பது என் எண்ணம். தையல் இயந்திரமும் பிளாஸ்ரிக் கதிரையும் எம்.பி. கையால் வந்தபோது நாங்கள் அவரைச் சின்ன அமைச்சராக்கிவிட்டோம். அடுத்த வருட ஒதுக்கீட்டுக்காக அமைச்சரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர் அதே அமைச்சரைச் சபையில் மடக்குவாரா? தன் வயலுக்கு முதல் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் வட்டவிதானை (வயல்களுக்கு நீர் பங்கிடுபவர்), வான்கதவு திறப்பவனிடம் கணக்குக் கேட்கமாட்டார். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்தின் கையில் கொடுத்திருக்க, எங்கள் ஆட்கள் அதில் ஒரு கிள்ளுக்காக வரிசையில் நின்றார்கள்.

மனுக்களும் அப்படித்தான். வெள்ளாவெளியிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் சனங்கள் விடிய பஸ் ஏறி எம்.பி. வீட்டுக்கு வருகிறார்கள். நின்றுபோன ஓய்வூதியம், பறிபோன காணி, நியாயமில்லாமல் நிறுத்திய வேலை. அவர் கடிதத்தாளில் 'தயவுசெய்து கவனிக்கவும்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளை நாங்கள் அலுவலகத்தில் எங்கே வைப்போம் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதே முறைப்பாட்டை அவர் மனுவாகச் சபையில் சமர்ப்பித்தால் அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு அதிகாரிகளைக் கூப்பிடும், தேவையென்றால் குறைகேள் அதிகாரியான ஒம்புட்ஸ்மனிடம் அனுப்பும். மனுவைச் சமர்ப்பிக்க உறுப்பினர் ஒருவர் கட்டாயம் வேண்டும், பொதுமகன் நேரே போகமுடியாது. எம்.பி.யால் மட்டுமே செய்யக்கூடிய இந்த வேலை இருக்க, யாரும் எழுதக்கூடிய இரண்டு வரியோடு அவர் ஆளை அனுப்பிவிடுகிறார். சனத்துக்கும் அந்த வழி தெரியாது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு விண்ணப்பம். சபை கூடும் வாரங்களில் எங்கள் இரு மாவட்ட உறுப்பினர்கள் கேட்ட வினாக்களையும் கிடைத்த விடைகளையும் கால் பக்கத்திலாவது போடுங்கள். ஹன்சாட் இணையத்தில் இருக்கிறதுதான். ஆனால் பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அதிலேயே அச்சாகிறது, அமைச்சர்மாரின் விடைகள் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் மட்டும் வாசிப்பவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிய பதிலே எட்டாமல் போகிறது. தங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். வினாவுக்குப் பக்கத்தில் கேட்டவர் பெயர், விடைக்குப் பக்கத்தில் அமைச்சர் பெயர், அவகாசம் கேட்டிருந்தால் எந்தத் திகதி வரை என்பதும் இருக்கட்டும். கேள்வியே கேட்காதவரின் பெயரையும் சேர்த்துப் போட்டு எதிரே வெற்றிடம் விடுங்கள். மாலை போட்ட படத்துக்கு இடம் போதாவிட்டால் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச ஊழியர்,
களுவாஞ்சிகுடி.