இலவச ஆன்டிவைரஸ் கேட்ட மக்காவுக்கு

தக்கலை,
கார்த்திகை.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. குடும்பச் செய்தி அரைப் பக்கம், மிச்சம் முழுக்கக் கம்ப்யூட்டர் புராணம். பள்ளிக்கூட வேலை முடிந்து கோவையில் மகன் வீட்டில் நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தால், வைரஸோடு மல்லுக்கு நிற்கிறாய்.

இங்கே மழை விட்டபாடில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. உன் தம்பி மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டி வைத்திருக்கிறான், அப்படியும் காலையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்ய? கன்னியாகுமரியில் சாமிமார் கூட்டம் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள் அல்லவா, 77 மீட்டர்தான் நீளம், ஆனால் அதைப் பார்க்க வருகிற கூட்டத்துக்குப் படகுத்துறை வரிசை தாங்கவில்லை. நீ வரும்போது சீசன் இல்லாத நாளாகப் பார்த்துப் போவோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நல்ல இலவச ஆன்டிவைரஸ் ஒன்று சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். அது உன் மெஷினிலேயே இருக்கிறது மக்கா. விண்டோஸோடு சேர்ந்து வரும் டிஃபென்டர்தான். 2009-ல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று தனியாக இறக்கிப் போடும்படி கொடுத்தார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதை உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அதற்கு நல்ல பேர் இல்லை, என் கம்ப்யூட்டர் கடையில் நாங்களே கேலி செய்வோம். இப்போது அப்படி இல்லை. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இதையே தொழிலாக வைத்துச் சோதிக்கும் இரண்டு இடங்கள் உண்டு. அவர்கள் பட்டியலில் சில வருடமாகவே டிஃபென்டர் காசு கொடுத்து வாங்குவனவற்றோடு தோளுரசி நிற்கிறது.

இதை நான் சொல்வது என் சோலிக்குக் கேடு. ஒரு வருட ஆன்டிவைரஸ் டப்பா ஒன்று விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். கேட்டு வாங்குகிறவர்களுக்கு விற்கத்தான் செய்கிறேன். சென்னைக்காரர்களின் கே7, புனேக்காரர்களின் குவிக் ஹீல் இரண்டும் மோசமில்லை, ஆனால் சில நாள் சோதனைக்குத்தான் இலவசம், அப்புறம் காசு. உன் உபயோகம் என்ன? பென்ஷன் பார்ப்பது, கடிதம் அடிப்பது, பேரன் விளையாடுவது. இதற்கு டப்பா எதற்கு?

முதலில் ஒரு காரியம் செய். கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூடவே வந்து, காலாவதியாகி, தினமும் புதுப்பிக்கச் சொல்லி உன் உயிரை எடுக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பழைய ஆன்டிவைரஸை அடியோடு எடுத்துவிடு. வேறொரு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபென்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். காலாவதியானது உட்கார்ந்திருக்கும்போது இரண்டுமே வேலை செய்யாத நிலை வரலாம். சாதாரணமாக நீக்கிப் போகவில்லை என்றால், அதைச் செய்த கம்பெனியின் தளத்திலேயே முழுதாக நீக்குவதற்கு ஒரு தனிக் கருவி கொடுத்திருப்பார்கள். அதை ஓட்டி, ஒருமுறை அணைத்துப் போட்டால் டிஃபென்டர் தானாக முன்னால் வந்துவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து எல்லாம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைக்காதே. இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்து மெஷினைத் திணறடிக்கும்.

மற்ற இலவசங்களைப் பற்றியும் கேட்டாய். ருமேனியாக்காரர்களின் பிட்டிஃபென்டர் இலவசப் பதிப்பு நல்லதுதான், அதிகம் தொந்தரவு செய்யாது. டிஃபென்டர் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அதைப் போட்டுக்கொடுப்பேன். காஸ்பர்ஸ்கி வைரஸ் பிடிப்பதில் கெட்டி. ஆனால் ரஷ்யக் கம்பெனி என்பதால் 2024-ல் அமெரிக்கா தன் நாட்டில் விற்கவே தடை போட்டது. இங்கே தடை இல்லை, மனசு ஒப்பினால் போடலாம். மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு எந்நேரமும் காவல் இருக்காது, நாம் சொல்லும்போது மட்டும் தேடும். சந்தேகம் வந்தால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்க அது கொள்ளாம்.

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றும் ஒரு காலத்தில் எல்லார் மெஷினிலும் இருந்தன. இப்போது மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், நார்ட்டனின் தாய்க் கம்பெனிதான் முதலாளி. அவாஸ்டின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "இலவசமாகக் கொடுக்கிறவனுக்கு என்ன லாபம்?" என்று நீ கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. ஜனங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் கிளைக் கம்பெனி வழியாக அவாஸ்ட் விற்றுக்கொண்டிருந்தது. பத்திரிகைகளில் வெளியே வந்ததும் 2020 ஜனவரியில் அந்தக் கிளையை மூடினார்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் விடவில்லை. 2024-ல் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, உலாவல் விவரத்தை விளம்பரத்துக்கு விற்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. வேவு பார்ப்பதைத் தடுப்போம் என்று சொல்லி உள்ளே வந்தவனே விவரத்தை விற்றான் என்றால் யாரிடம் போய்ச் சொல்ல? மைக்ரோசாஃப்ட் புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. விண்டோஸ் விற்ற காசு அவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, ஆன்டிவைரஸை வைத்து உன்னிடம் தனியாகச் சம்பாதிக்கும் அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் உன்னைப் பயமுறுத்துகிற அந்த வலது மூலைப் பெட்டி. "ஐந்து வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்" என்று வருகிறதே, அது வைரஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்ற பட்டனை யாரோ தட்டியிருக்கிறார்கள். பேரனாகத்தான் இருக்கும், ஆனால் அவனைத் திட்டாதே, அந்தப் பட்டனைத் தட்டவைப்பதற்கென்றே அந்தத் தளங்களைச் செய்கிறார்கள். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளப் பேர் எல்லாவற்றையும் நீக்கு. தீர்ந்தது. அந்தப் பெட்டியில் போன் நம்பர் வந்தால் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் மைக்ரோசாஃப்ட் என்று சொல்லி ஒருவன் தேனொழுகப் பேசி, தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வான். அதோடு பேங்க் கணக்கு அவன் கையில்.

எனக்கு உண்மையான கவலை பேரன் மேல்தான். கேமுக்கு கிராக், அதாவது காசு கொடுக்காமல் ஓட்டுவதற்குப் பூட்டை உடைக்கும் திருட்டு நிரல், தேடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் பயப்பட வேண்டிய வரி அதுதான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நடந்ததைச் சொல்கிறேன். படம் திருத்தும் மென்பொருளுக்கு கிராக் இறக்கியிருக்கிறார்கள். "போடும்முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நிறுத்தியிருக்கிறார்கள். ராத்திரிக்குள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றின் பேரோடும் புதிதாக நாலு எழுத்து ஒட்டிக்கொண்டது, ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சீட்டு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பேர்; அதில் ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லும் குடும்பம் அது, பெரும்பாலும் கிராக் வழியாகத்தான் பரவும். ஐரோப்பியப் போலீஸும் பாதுகாப்புக் கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் சிலவகைப் பூட்டுகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கும். இவர்களுக்கு வந்த வகைக்குச் சாவி இல்லை. படம் போனது போனதுதான். காவல் இருந்தது, மனுஷன்தான் அதை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தான்.

அதனால் பேரனுக்குத் தனியாக ஒரு கணக்கு போடு, நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. எதையாவது நிறுவ வேண்டும் என்றால் உன் பாஸ்வேர்டு கேட்கும், அப்போது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏது என்று பார்க்கலாம். உனக்கும் அதேபோல ஒன்று வைத்துக்கொள், நிர்வாகிக் கணக்கு தனியாகக் கிடக்கட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது, வரும்போதே அணைந்துதான் இருக்கும். போட்டுவிட்டால் அறிமுகமில்லாத நிரல் எதுவும் உன் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கை வைக்க முடியாது. சில சமயம் நல்ல நிரலையும் தடுத்து எரிச்சலூட்டும், பொறுத்துக்கொள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறது என்றாயே, உள்ளே இருப்பது அழிந்திருக்காது, மறைத்து வைத்திருக்கும். அந்த ஷார்ட்கட்டைத் தட்டாதே, ஃபார்மெட்டும் அடிக்காதே. டிஃபென்டரை வைத்து ஸ்கேன் பண்ணு. மறைந்ததை வெளியே கொண்டுவர ஒரு வரி கட்டளை போதும், போனில் சொல்கிறேன். இனிமேல் பிரிண்ட் எடுக்கப் போகிற பென் டிரைவில் அந்த ஒரு ஃபைலைத் தவிர வேறொன்றும் இருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், ஆன்டிவைரஸைவிடப் பெரியது. உன் மெஷின் 2017-ல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது கேட்கிறார்கள், ஆகவே நீ 10-லேயே நிற்கிறாய். அந்த 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. டிஃபென்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும், ஆனால் விண்டோஸிலேயே ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியது நினைவிருக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது: விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யச் சொல்லி ஒரு இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லாமல் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். இதை இந்த வாரமே செய்துவிடு.

அதற்கப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்த காலத்தில், பிள்ளைகள் வரிசையாகக் கடைக்கு வந்து "இதை எடுத்துருங்கண்ணே" என்பார்கள். எடுத்துக் கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்தது. இன்றைக்கு அதே பிள்ளைகளில் சிலர் பெங்களூரில் லினக்ஸில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். உன் வேலைக்கு மின்ட் தாராளம். பேரன்தான் கேம் ஓடவில்லை என்று கொடி பிடிப்பான்.

போனையும் கவனி. வாகன அபராதம், கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) வந்தால் யார் அனுப்பியிருந்தாலும் திறக்காதே, அனுப்பியவர் போனே மாட்டியிருக்கலாம். காசு போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடி.

பழைய மலையாளப் பிரமாணங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி அந்த மெஷினில்தான் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்கள், மூலமே செல்லரிக்கத் தொடங்கியவை. ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி அத்தனையையும் நகல் எடு. எடுத்ததும் கழற்றி அலமாரியில் வை, மெஷினிலேயே சொருகி வைத்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஞாயிறு சாயங்காலம் கடை இல்லை, அப்போது கூப்பிடு. அதற்குள் அந்தப் பழைய ஆன்டிவைரஸை எடுத்து வைத்தால் மற்றதைப் பேசிப் பேசியே முடித்துவிடலாம். தை மாதம் உன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வரும்போது அந்த ஹார்ட் டிஸ்கையும் கையோடு கொண்டு வா. பிரமாணங்களின் ஒரு நகல் இங்கே என் கடையிலும் இருக்கட்டும்.

உன்,
தக்கலைக் கடைக்காரன்