பிளாஸ்டிக் கேமராவில் ஏற்காடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹோல்கா போன்ற மலிவான பிளாஸ்டிக் ஃபிலிம் கேமராவை ஆசையாக வாங்கும் இளைஞர்கள், முதல் ரோல் வெளுத்து வந்ததும் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் ஒளிக்கசிவை, அதாவது கேமராவின் இடுக்குகள் வழியே வெளிச்சம் புகுவதை, அடைக்காததுதான் காரணம்.

இந்தக் கேமராவுக்கான 120 ஃபிலிமை (காகிதத்தோடு சுற்றிய அகல ஃபிலிம்) போட்டதும் பின்மூடியின் விளிம்பு நெடுகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். எண் தெரியும் சிவப்பு ஜன்னலையும் மூடுங்கள். சுற்றும்போது மட்டும், நிழலில் நின்று, திறந்து பாருங்கள். ஃபிலிம் தொளதொளவென்று சுற்றினால் ஓரங்களில் வெளிச்சம் ஏறிவிடும். புது ரோலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் இறுக்கமாகச் சுற்றும். அட்டை தடித்தால் ஃபிலிம் சுற்றும் திருகு நகராது.

ஷட்டர் ஏறக்குறைய 1/100 நொடிதான், மாற்ற வழியில்லை. ஆகவே ஃபிலிமைத்தான் மாற்ற வேண்டும்: சேலம் வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. (ஃபிலிம் ஒளியை உணரும் திறன்) 100, ஏற்காட்டு மூடுபனிக்கு 400. நெகட்டிவ் ஃபிலிமே நல்லது; ஒளி கூடினாலும் தாங்கும், ஃபிலிமிலேயே நேர்படமாக வரும் ஸ்லைடு தாங்காது. அடிப்பக்க சுவிட்ச் 'பி'க்கு நகர்ந்துவிட்டால், விரலை எடுக்கும்வரை ஷட்டர் திறந்தே இருந்து படம் கலங்கும். சாதாரணப் படத்துக்கான 'என்'னில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். படத்தின் மூலைகள் இருள்வது பழுதல்ல, அந்த லென்ஸின் அழகே அதுதான்.

சேலம் கோடையில், நிறுத்திய காருக்குள் ஃபிலிமை விட்டுப் போகாதீர்கள்.

புகைப்பட ஆர்வலர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.