ஈரத்திலேயே கிடக்கட்டும் அந்த மரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஊருணி தூர்வாருவது பற்றிய கட்டுரையில், “சேற்றில் கிடந்து அழியும் பழைய மரங்களை உடனே எடுத்து உலர்த்திப் பாதுகாக்க வேண்டும்” என்று போட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் தச்சு வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். படித்ததும் காபி இறங்கவில்லை.

சேற்றில் அது அழியவில்லை ஐயா, சேறுதான் அதைக் காப்பாற்றுகிறது. காற்றுப் புகாத இடத்தில் பூஞ்சையும் கரையானும் அண்டாது. ஆனால் மரத்துக்குள் சத்துப் போயிருக்கும். ஊறிய தண்ணீர்தான் உருவத்தைத் தாங்கி நிற்கும். அது வற்றினால் உள்ளே நுண்ணறைகள் நசுங்கிவிடும். எங்கள் ஊரில் பழைய கிணற்றைத் தூர்வாரியபோது அடியில் நெல்லிக்கட்டை வளையம் வந்தது. உளி பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. நான் சொல்லச் சொல்லக் கேளாமல், ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைக் கோயில் வாசல் வெயிலில் வைக்கச் சொன்னார். ஒரு வாரம் தாங்கவில்லை. முறுக்கிக்கொண்டு குறுக்கே வெடித்தது, விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. கடைசியில் யார் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனதோ!

உங்களுக்குத் தெரியாததா? இங்கிலாந்தில் சோமர்செட் சதுப்பில், கி.மு. 3807 வாக்கில் போட்ட மரப்பாதையை 1970இல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு பகுதியை இன்றும் மண்ணுக்குள்ளேயே விட்டு, ஈரம் காயாமலிருக்க பம்ப் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஸ்வீடனில் கடலடியில் மூழ்கிக் கிடந்த வாசா என்ற பழைய மரக்கப்பலை 1961இல் தூக்கியபின், மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தை நிரப்ப, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு மாதிரியான பொருளை 17 வருஷம் தெளித்தார்கள். நம் ஊரில் மூடி வைக்கத் தார்ப்பாய் கேட்டாலே மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

இரட்டைக்கட்டு வீடுகளைப் பிரித்து பர்மாத் தேக்குத் தூண்களை லாரி லாரியாக ஏற்றியபோதும் எழுதினேன். போடவில்லை. சரி. ஊருணிக் கரையைச் சிமெண்டால் பூசியபோதும், சுற்றிலும் ஆழ்துளை போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சியபோதும் எழுதினேன். அந்த வாரங்களில் செட்டிநாட்டுக் கோழிக் குழம்புக்கு முழுப் பக்கம் கிடைத்தது. கீழடி இருக்கிற மாவட்டம் இது என்பதாவது நினைவில் இருக்கட்டும்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம்தான்: தூர்வாரும்போது பழைய மரம் தென்பட்டால் வெளியே இழுக்காதீர்கள், ஈரச் சாக்கும் ஈர மண்ணும் போட்டு மூடிவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் போடுங்கள். கட்டுரையாளர் படத்தைச் சற்றுக் குறைத்தால் இடம் வந்துவிடும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
காரைக்குடி வட்டம்