அப்பாவின் இடத்தை வைத்திருந்தவர்களுக்கு நன்றி

கல்லடியிலும் புளியந்தீவிலும் உள்ள எங்கள் அன்பான உறவுகளுக்கு,

அப்பா எங்களை விட்டுப் போய் வரும் சனிக்கிழமையோடு 31 நாள். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை எழுதித்தான் சொல்ல முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மெதடிஸ்த சபை, அம்மா கத்தோலிக்கம். நாற்பது வருடத்தில் அம்மா செபமாலையை விட்டதுமில்லை, அப்பா விடச் சொன்னதுமில்லை. செத்த வீட்டன்று இரவு அம்மாவின் பங்கு மக்கள் செபமாலை சொல்ல உட்கார்ந்தபோது, அப்பாவின் பாடகர் குழு தூறலில் பந்தல் ஓரமாகவே நின்றது. ஐந்து தேவ இரகசியங்களும் முடிந்த பிறகுதான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். அப்புறம் பார்த்தால் செபமாலை சொன்ன மாமிமாரும் கூடவே பாடுகிறார்கள்.

முன்பு வேலைக்காக வேறோர் ஊரில் இருந்தோம். அங்கே பெரிய சபை. நான்கு மாதம் நாங்கள் போகாமல் இருந்தும் ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வலியோடுதான் ஊர் திரும்பினோம். இங்கே அப்பா படுக்கையில் விழுந்த இரண்டாவது கிழமையே, "அண்ணனைக் காணல்லையே" என்று படலையைத் தட்டினீர்கள். ஆலயத்தில் மூன்றாம் வாங்கின் ஓரத்தில் அவருடைய பாட்டுப் புத்தகம், அவர் படுக்கையில் இருந்த எட்டு மாதமும் அப்படியே இருந்ததாம். அடக்கத்தன்று அதைக் கொண்டுவந்து தந்தீர்கள். உரிந்திருந்த முதுகுப்பக்கத்தில் யாரோ புதிதாக டேப் ஒட்டியிருந்தார்கள். அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன். ஒட்டியவர் யாரென்று சொல்லுங்கள், நேரில் பார்க்க வேண்டும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை அப்பா அடிக்கடி வாசிக்கச் சொல்வார். சரீரம் ஒன்று என்பதோடு நிறுத்திவிடாதே, கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதையும் வாசி என்பார். ஓர் ஆள் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகத் தெரிய வேண்டும், அதுதான் சபை என்பது அவருடைய கணக்கு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஆராதனை உடுப்போடேயே இரத்தம் கொடுக்க ஓடினார். தன் சபை இல்லையே என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

மாதந்தோறும் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்த போதகர் ஐயா, அம்மாவைத் தேடி வந்த பாதர், 1814இல் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியில் அப்பாவோடு படித்துப் பெட்டி சுமந்த நண்பர்கள், சேமக்காலையில் மழைத் தண்ணீரை இறைத்துக் குழி வெட்டிய தம்பிமார், கதிரை தந்த பக்கத்து வீட்டுச் சைவ அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் ஜெபம், கட்டாயம் வாருங்கள். தேத்தண்ணி கொண்டுவந்த பெரிய கேத்தில் ஒன்றும் இரண்டு குடைகளும் எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவும் பிள்ளைகளும்,
கல்லடி, மட்டக்களப்பு