விதித்தாள் எழுதும் மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

உங்கட கழகத்தின் பத்து ஓவர் மென்பந்துச் சுற்றுக்கு விதித்தாள் எழுதுகிற வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. சனத்துக்குப் பிடிக்காத விதியையெல்லாம் வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டுகிறதுக்கு முன்னம் ஏன் பிடிக்கவில்லை என்று பார். சில விதி பிழையானது. சிலது சரியான விதி, தண்டனைதான் குற்றத்துக்கு மிஞ்சினது. அங்கே தண்டனையை மட்டும் மாற்றினால் போதும்.

புதிதாக வரும் துடுப்பாட்டக்காரர் குறித்த நேரத்துக்குள் தயாராகாவிட்டால் விக்கெட் போகிற 'டைம்ட் அவுட்' இந்த இரண்டாம் வகை. 2023 நவம்பர் 6, டில்லி. ஹெல்மெட் வார் அறுந்ததால் அஞ்சலோ மெத்தியூஸ் ஒரு பந்தும் சந்திக்காமல் திரும்பிப் போனார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஒருவர் ஆட்டமிழந்தது அதுதான் முதல் தடவை. கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்.சி.சி. கழகத்தின் 40ஆம் விதி புதிதாக வருபவருக்கு 3 நிமிடம் தருகிறது. ஒருநாள் போட்டியில் அது 2 நிமிடம், ரி20இல் 90 செக்கன். அதற்குள் களத்துக்கு வந்தால் காணாது, பந்தைச் சந்திக்கத் தயாராகவும் நிற்க வேண்டும். எதிரணியான பங்களாதேஷ் அவுட் கேட்டது விதிப்படி சரி. ஆனால் களத்தடுப்பு அணி ஒரு ஓவருக்கும் அடுத்ததற்கும் இடையில் 60 செக்கனைத் தாண்டினால் என்ன நடக்கிறது? இரண்டு தரம் எச்சரிக்கை, மூன்றாம் தரம்தான் 5 ஓட்டம். பந்துபோடுகிறவர்கள் தாமதித்தால் எச்சரிக்கை, துடுப்பெடுக்கிறவன் தாமதித்தால் விக்கெட். இந்த ஓரவஞ்சனைதான் ஆட்களைக் கோபப்படுத்துகிறது.

மென்பந்தில் ஹெல்மெட்டும் இல்லை, கால்காப்பும் இல்லை. புதிதாக வருபவருக்கு 60 செக்கன் தாராளம். முதல் தரம் எச்சரிக்கை, பிறகு ஒவ்வொரு தரமும் எதிரணிக்கு 5 ஓட்டம் என்று எழுது. துடுப்பு உடைந்ததை நடுவரிடம் காட்டினால் மணிக்கூட்டை நிறுத்தலாம் என்றும் ஒரு வரி சேர். இதில் பிழை வருகிற இடம் ஸ்கோர் புத்தகம். இரண்டாவதாகத் துடுப்பெடுக்கும் அணி தாமதித்தால் அந்த 5 ஓட்டமும் முதல் அணியின் முடிந்துபோன மொத்தத்தில் ஏறும், இலக்கும் 5 கூடும். நடுவர் உடனே சைகை காட்டி, ஸ்கோரர் கை உயர்த்திய பிறகுதான் அடுத்த பந்து போட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஓவரில் சண்டை நிச்சயம்.

பந்து போடுமுன்னமே கோட்டை விட்டு நகர்கிற எதிர்முனை ஆட்டக்காரரைப் பந்துவீச்சாளர் ரன் அவுட் ஆக்குகிற மன்கட் முறையை வெட்டச் சொல்லித்தான் உனக்குக் கூடுதலாக நெருக்குவார்கள். வெட்டாதே. 2014இல் எட்ஜ்பாஸ்டனில் சச்சித்ர சேனாநாயக்க, முன்னமே எச்சரித்துவிட்டுத்தான் ஜோஸ் பட்லரை அப்படி எடுத்தார். இருந்தும் பேச்சு வாங்கினது அவர்தான். 2022 ஒக்டோபரில் எம்.சி.சி. இதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து 38ஆம் விதியான ரன் அவுட்டில் சேர்த்துவிட்டது. கோட்டுக்குக் கோடு 17.68 மீற்றர்தான் ஓட்டம். அதில் ஒரு மீற்றரைப் பந்து போகுமுன்னமே திருடுகிறவனை விட்டுவிட்டு, பிடித்துக்கொடுத்தவனைத் திட்டுகிறது என்ன நியாயம்? எழுதும்போது எல்லையைச் சரியாக எழுது: கை தலைக்கு மேலே நேராக வரும்வரைதான் பந்துவீச்சாளர் ஸ்டம்பைத் தட்டலாம். கையைச் சுற்றி முடித்துப் போடுவதுபோல் ஏமாற்றிவிட்டுத் திரும்பித் தட்டினால் அவுட் இல்லை. தட்டும்போது எதிர்முனையில் நிற்பவர் கோட்டுக்குள் இருந்தால் நடுவர் 'டெட் போல்', அதாவது பந்து செத்தது என்று சொல்ல வேண்டும், அந்தப் பந்து ஓவர் கணக்கில் சேராது.

அடுத்தது லெக் பை, துடுப்பில் படாமல் உடம்பில் பட்டுப் போகிற பந்துக்கு ஓடி எடுக்கிற ஓட்டம். ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்கிற எல்.பி.டபிள்யூ.வை மென்பந்தில் பெரும்பாலும் வைப்பதில்லை. அப்படியென்றால் லெக் பையும் வேண்டாம். காலைக் குறுக்கே வைப்பதற்குத் தண்டனை இல்லாதபோது அதற்கு ஓட்டமும் கொடுத்தால், துடுப்பை விட்டுவிட்டுக் காலாலேயே விளையாடுவார்கள். ஆனால் 'உடம்பில் பட்டால் பந்து செத்தது' என்று மட்டும் எழுதிவிடாதே. துடுப்பில் பட்டுத் தொடையில் மோதி எழும்புகிற பிடியும், ரன் அவுட்டும் அதோடு போய்விடும். 23ஆம் விதியில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: முதல் ஓட்டம் முடியும்வரை, அல்லது பந்து எல்லையைத் தொடும்வரை நடுவர் பொறுத்திருந்து, பிறகு டெட் போல் சொல்லி ஓட்டத்தை இரத்துச் செய்து, இருவரையும் பழைய முனைக்கு அனுப்புவார். அதை அப்படியே எடு.

பங்களாதேஷ் 4 ஓட்டத்தால் தோற்ற அந்த நியூயோர்க் போட்டி, 2024 ஜூன், உனக்கும் ஞாபகம் இருக்கும். மஹ்முதுல்லாவுக்கு எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் விரல் உயர்த்தினார், பந்து காலில் பட்டு எல்லைக்குப் போனது, மீளாய்வில் அவுட் இல்லை என்றாகியும் அந்த 4 ஓட்டம் சேரவில்லை. விரல் உயர்ந்ததும் பந்து செத்துவிடுகிறது என்பதுதான் காரணம். விரலைக் கண்டதும் களத்தடுப்பாளர்கள் நின்றுவிடுவார்கள், ஓடியிருந்தால் மறித்திருப்பார்களா என்று எவரும் சொல்ல முடியாது. பந்து ஓய்ந்தபிறகே விரலை உயர்த்தச் சொல்லலாம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. எல்.பி. இல்லாத உங்களுக்கு இந்தத் தலையிடி வராது.

சமநிலைக்கு ஒரு பந்தி கட்டாயம் வேண்டும். 2019 உலகக்கிண்ண இறுதி சூப்பர் ஓவரிலும் சமமானதும், இங்கிலாந்துக்கு 26 பவுண்டரி, நியூசிலாந்துக்கு 17 என்று எண்ணி இங்கிலாந்துக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். சூப்பர் ஓவர் என்றால் சமநிலையை உடைக்க இரு அணியும் மேலதிகமாக ஆடுகிற ஒவ்வொரு ஓவர். அந்த ஒக்டோபரிலேயே சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. அதைத் தூக்கிவிட்டு, வெற்றி வரும்வரை சூப்பர் ஓவர் என்றது. பூங்காவில் இருட்டும்வரை அப்படிப் போட முடியாது. லீக் போட்டியில் புள்ளியைப் பகிருங்கள், இறுதியில் ஒரு சூப்பர் ஓவர், அதுவும் சமமானால் கிண்ணத்தை இருவருக்கும் கொடுங்கள்.

மழை குறுக்கிட்டால் இலக்கைத் திருத்துகிற டக்வர்த்-லூயிஸ் கணக்கெல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் 5 ஓவர் முடியாவிட்டால் மறுநாள். ஆனால் எந்த இலக்கு எழுதினாலும் பலகையில் 'வெல்ல' என்ற சொல்லையும் சேர்த்து எழுதச் சொல். 2003 உலகக்கிண்ணத்தில், டேர்பனில் மழை வந்த போட்டியில் தென்னாபிரிக்கா 229ஐ வெற்றி என்று நினைத்தது, அது சமநிலைக்கான எண். மார்க் பௌச்சர் முரளியின் கடைசிப் பந்தைத் தட்டி நிறுத்தினார். இலங்கை முன்னேற, அவர்கள் சொந்த மண்ணிலேயே வெளியேறினார்கள்.

இங்கே கச்சான் காற்று அடிக்கிறது. அங்கேயும் காற்று பலமென்றால் ஸ்டம்பின் மேல் வைக்கிற பெயில்ஸ் கட்டைகள் இல்லாமல் ஆடலாம், 8ஆம் விதி விடும். எடுத்தால் இரண்டு முனையிலும் எடுக்க வேண்டும்.

அச்சடிக்கமுன்னம் ஸ்கோரர் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா